கடைசித் தண்ணீர் காணாத துணி

துறையின் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொல்லி இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். ஆய்வகத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவ ஒரு இயந்திரம் வாங்கிவிட்டார்களாம். பாட்டில்களை உள்ளே அடுக்கிப் பொத்தானை அழுத்தினால் அதுவே சோப்புப் போட்டு, அலசி, சூடு காட்டி வெளியே தந்துவிடுமாம். அந்த வேலையை இருபத்தொன்பது வருடம் கையால் செய்த நான் அதைப் பற்றி என்ன நினைக்கிறேன் என்று இரண்டு பக்கம் எழுத வேண்டுமாம். நல்ல இயந்திரம், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அதற்கு மேல் என் இடுப்பைத்தான் கேட்க வேண்டும்.

காபி குடித்துவிட்டுக் கிளம்பும்போது வந்தவர்களில் ஒரு பெண், அந்த நுரை விஷயம் என்ன கதை என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். துறையில் அந்தக் கதை இரண்டு விதமாக உலவுகிறது என்று எனக்குத் தெரியும். ஸ்டெல்லா, அதாவது நான், ஒரு பெண்ணின் ஆய்வைக் கெடுத்தாள் என்பது ஒன்று. காப்பாற்றினாள் என்பது இன்னொன்று. இரண்டும் நடந்தது. அதையே எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பிளஸ் டூ முடித்து, ஒரு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பும் படித்து, கல்யாணமாகிப் பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, ராஜபாளையம் போகும் வழியில் இருக்கிற இந்தக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தேன். நுண்ணோக்கி கையில் கிடைக்கும் என்று நினைத்துப் போனவளுக்குத் தொட்டி முன்னால் இடம் கிடைத்தது. முதல் மூன்று வருடம் கழுவியதைத் தவிர வேறெதுவும் செய்ததாக நினைவில்லை. சோப்பு ஒரு முறை, குழாய்த் தண்ணீர் ஏழு முறை, காய்ச்சி வடித்த தண்ணீர் மூன்று முறை. பிறகு பாட்டிலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு மூடி, குலுக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஓரத்தில் ஒரே ஒரு குமிழ் உடையாமல் நின்றாலும் மறுபடி முதலிலிருந்து. என் நாத்தனார் கல்யாண வீடுகளில் என்னை "காலேஜ்ல பாத்திரம் கழுவுதாங்க" என்று அறிமுகம் செய்துவைப்பாள். நான் மறுத்ததில்லை. நான் கழுவிய பாட்டிலை அடுத்த மாவட்டத்துக் கல்லூரிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள் என்ற கர்வம் எனக்கு உண்டு. இந்தக் கதையே அந்தக் கர்வத்தால் வந்ததுதான்.

ஜானகி மேடம் எங்கள் துறைக்குப் பேராசிரியராக வந்தது என் பதினாறாவது வருடத்தில். ராஜபாளையத்துக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே மேசையில் தேடுவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. தப்பு என்ற சொல்லும் அவர் வாயில் வராது. பதிவேட்டில் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் பென்சிலால் ஓரத்தில் கடுகு அளவுக்கு ஒரு கேள்விக்குறி போடுவார். அந்தக் கேள்விக்குறிக்குப் பயந்து பெரிய பெரிய ஆய்வாளர்கள் மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டதைப் பார்த்திருக்கிறேன்.

அவர் வந்த பிறகுதான் கார்பன் நானோகுழாய் என்ற பொருள் எங்கள் ஆய்வகத்துக்குள் வந்தது. நாங்கள் டியூப் என்போம். விரல் உயரக் குப்பியில் கொஞ்சம் கரிப்பொடி, அவ்வளவுதான் கண்ணுக்குத் தெரியும். பானை அடியில் சுரண்டி எடுத்த மாதிரி இருக்கும். முதல் குப்பி வந்த அன்று, லேபிள் ஒட்டுவதற்கு முன்னால் உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க மூடியைத் திறந்தேன். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கறுப்பாக ஒரு சின்னப் புகை எழும்பியது. மேடம் எழுந்து வந்து விசிறியை நிறுத்தினார், எல்லோரையும் மூச்சை மெதுவாக விடச் சொன்னார், ஈரத்துணி கொண்டுவரச் சொல்லித் தானும் சேர்ந்து மேசையைத் துடைத்தார். திட்டு வரும் என்று நின்றுகொண்டிருந்தேன். சாயங்காலம் பதிவேட்டைப் பார்த்தால் ஓரத்தில் 'விசிறி' என்று எழுதி ஒரு கேள்விக்குறி. அன்றிலிருந்து டியூபை எடை போடும்போது விசிறி ஓடாது. சித்திரை வெயிலில் வேர்வை மூக்கு நுனியில் சொட்டுவதற்குள் எடை போட்டு முடிக்கிற கை எனக்கு வந்துவிட்டது.

இந்த டியூப் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் தண்ணீருக்கு அசையாது. கறுத்துப்போன பாட்டில்களோடு மல்லுக்கட்டி அலுத்துப்போய், இது என்ன எழவு, தண்ணியக் கண்டாலே ஆகாதா என்று ஒரு நாள் மேடத்திடமே கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சொன்னார். அறுகோணக் கட்டம் போட்ட கார்பன் தாளைச் சுருட்டியதுதான் இந்தக் குழாய். தலைமுடியைப் பல ஆயிரம் பங்காகக் கிழித்தால் ஒரு பங்கு எத்தனை மெல்லிசோ அத்தனை மெல்லிசு. அதன் சுவரில் தண்ணீர் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. எண்ணெய்க் குணம் உள்ளதைத்தான் அது சேர்க்கும். அதனால் தண்ணீரில் போட்டால் ஒன்றோடொன்று கட்டிப்பிடித்துக் கட்டியாகி அடியில் போய் உட்கார்ந்துவிடும். சோப்புக்கு இரண்டு முனை. ஒரு முனை குழாயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். அதனால்தான் சோப்புப் போட்டால் கறுப்பு போகிறது.

புரதமும் ஏறக்குறைய அந்த வேலையைத்தான் செய்கிறது என்றார். புரதம் என்பது ஒரு நீளச் சங்கிலி, மடித்த சேலை மாதிரி மடிந்து இருக்கும். தண்ணீரைப் பிடிக்கிற பாகம் வெளியே, எண்ணெய்க் குணமுள்ள பாகம் உள்ளே. குழாய்க்குப் பக்கத்தில் வந்ததும் மடிப்பு கொஞ்சம் அவிழ்கிறது. உள்ளே ஒளிந்திருக்கிற வளைய வடிவப் பாகங்கள் வெளியே வந்து குழாயின் அறுகோணங்கள் மேல் தட்டையாகப் படுத்துக்கொள்கின்றன. அப்படிப் போர்த்திக்கொண்ட குழாய் தண்ணீரில் மிதக்கும். எந்தப் புரதம் எவ்வளவு அவிழ்கிறது, எந்த வளையம் எப்படிப் பிடிக்கிறது என்பதுதான் எங்கள் ஆய்வகம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. மருந்தை உடம்புக்குள் கொண்டுபோக இந்தக் குழாயைப் பயன்படுத்தலாமா என்று உலகம் முழுக்க யோசிக்கிறார்கள். இரத்தத்தில் இறங்கியதும் அதன் மேல் முதலில் போய் ஒட்டுவது புரதம்தானே. நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான். பாட்டில் கழுவ இது போதுமானதற்கு மேல்.

கனிமொழி ஆய்வுக்குச் சேர்ந்தபோது அவளுக்கு இருபத்து நான்கு வயது. பிளவக்கல் அணைப்பக்கம் விவசாயக் குடும்பம். காலையில் முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போவாள். கொண்டுவருகிற சோற்றில் பாதி எனக்கு வரும், என் மீன் குழம்பில் பாதி அவளுக்குப் போகும். என்னை அக்கா என்பாள். மற்றவர்களுக்கெல்லாம் நான் மேடம் அல்லது "ஸ்டெல்லாம்மா". அவள் மூன்று புரதங்களை எடுத்துக்கொண்டாள். மாட்டு இரத்தத்து ஆல்புமின், முட்டை வெள்ளைக்கருவில் கிடைக்கும் லைசோசைம், மாட்டுக் கணையத்திலிருந்து எடுக்கும் ரிபோநியூக்ளியேஸ். முதல் இரண்டிலும் டிரிப்டோஃபேன் என்ற பெரிய இரட்டை வளையம் இருக்கிறது. மூன்றாவதில் அது ஒன்றுகூட இல்லை. வளையம்தான் பிடிக்கிறது என்றால் மூன்றாவது சரியாகப் பிடிக்கக் கூடாது. இதுதான் அவள் பார்க்க வேண்டியது.

செய்முறை எனக்கு இன்றும் மனப்பாடம். டியூபை எடை போட்டுக் குப்பியில் இட வேண்டும். பஃபர், அதாவது புளிப்புத் தன்மை ஏறாமல் இறங்காமல் இருக்க உப்புகள் கலந்த தண்ணீர், அதில் புரதத்தைக் கரைத்து டியூபின் மேல் ஊற்ற வேண்டும். குப்பியைப் பனிக்கட்டிக்குள் புதைத்து, ஒலி அதிர்வு தருகிற கம்பியை உள்ளே இறக்கி, விட்டுவிட்டு ஓட்ட வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் புரதம் அவிந்துவிடும். எங்கள் ஐஸ் மெஷின் பெரும்பாலும் மௌன விரதத்தில் இருக்கும். கிருஷ்ணன்கோவில் மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கிவந்து வேலையை ஓட்டுவோம். அன்றைக்கு ஆய்வகமே அயிலை மணக்கும். அதன் பிறகு மையவிலக்குக் கருவியில் வைத்துச் சுழற்ற வேண்டும். ஒட்டாத டியூப் அடியில் இறங்கிவிடும். புரதம் பிடித்த டியூப் மேலே நிற்கும், தண்ணீர் டிக்காஷன் மாதிரி கறுப்பாக இருக்கும். எவ்வளவு கறுப்பு என்பதைக் கருவி சொல்லும். டிரிப்டோஃபேன் உள்ள புரதங்களுக்கு இன்னொரு சாட்சியும் உண்டு. புற ஊதா ஒளி பட்டால் அந்த இரட்டை வளையம் மினுங்கும், குழாயைத் தொட்டுக்கொண்டால் மினுக்கம் மங்கும். மூன்றாவது புரதத்துக்கு அந்தச் சாட்சி கிடையாது. கறுப்பை மட்டும்தான் நம்ப வேண்டும்.

ஒவ்வொரு நாளும் இதோடு ஒரு ப்ளாங்க் போட வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். புரதம் இல்லாமல் வெறும் பஃபரில் டியூபை மட்டும் போட்டு அதே சுற்று. அது தெளிந்து நிற்க வேண்டும். எந்த முடிவைக் கொண்டுபோனாலும் முதலில் ப்ளாங்கைக் காட்டு என்பார். பதிவேட்டில் அதற்கென்று ஒரு கட்டம். போட்டுப் பார்த்தாயிற்று என்று நான் கையெழுத்துப் போடுவேன், கீழே அவர் போடுவார்.

கனியின் மூன்றாம் வருடத்தில் இரண்டு விஷயம் ஒன்றாக நடந்தது. டியூப் தீர்ந்துகொண்டே வந்தது, புதிதாகக் கேட்டது வருகிற வழியாகத் தெரியவில்லை. ப்ளாங்குக்கு என்று தினமும் கொஞ்சம் போவது கனிக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. பழைய ப்ளாங்க் கணக்கையே வைத்துக்கொள்கிறேன் அக்கா, என்றைக்காவது அது மாறியிருக்கிறதா என்று கேட்டாள். மாறியதே இல்லை. நானும் கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன். ஒரு நாள் என்று ஆரம்பித்தது எட்டு மாதம் ஓடியது.

இரண்டாவது விஷயம் துணி. ஆடிக் காற்றில் மலையடிவாரப் புழுதி எவ்வளவு சாத்தினாலும் ஜன்னல் வழியே வந்துவிடும். வடிதாள் தீர்ந்திருந்தது. என் தம்பி அந்தோணி ராஜபாளையத்துக்குக் கிழக்கே பேண்டேஜ் துணி வெளுக்கிற பட்டறையில் மேஸ்திரி. வருடா வருடம் பாட்டில் துடைக்க என்று எனக்கு ஒரு கட்டு காஸ் துணி தருவான். ஆஸ்பத்திரியில் புண்ணின் மேல் வைக்கிற துணி. அதைவிடச் சுத்தம் எது? ஒவ்வொரு முறையும் கட்டிலிருந்து ஒரு புதுத் துண்டு எடுத்து எட்டாக மடித்துப் புனலில் வைத்து, பஃபர் முழுவதையும் அதில் வடிகட்டினேன். யாரும் செய்யச் சொல்லவில்லை. தூசி ஒரு பொட்டு இல்லாமல் பளிங்கு மாதிரி இறங்கியது. எனக்கு அவ்வளவு பெருமை.

அதற்குப் பிறகுதான் மூன்றாவது புரதத்தின் முறை வந்தது. இரட்டை வளையமே இல்லாத அந்தப் புரதம் மற்ற இரண்டுக்கும் சமமாகக் கறுத்தது. கனி குப்பியை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். மேடம் நம்பவில்லை, மூன்று தரம் திரும்பப் போடச் சொன்னார். மூன்று தரமும் கறுப்பு. என் பஃபர்தானே மூன்று தரமும். வளையத்தைவிட வேறு ஏதோ ஒன்று குழாயைப் பிடிக்கிறது என்று கனி ஒரு அத்தியாயமே எழுதினாள். ஒரு கருத்தரங்கில் போய்ப் பேசினாள், கைதட்டினார்கள். கோயம்புத்தூரில் ஒரு கல்லூரி அவளுக்கு விரிவுரையாளர் வேலை தருவதாகச் சொன்னது. ஒரே நிபந்தனை, இரண்டு மாதத்துக்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்திருக்க வேண்டும். அவள் அப்பா பஸ்ஸில் வந்து எனக்கு ஒரு பை நிறையத் தேங்காய் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் ஓய்வு பெற நாலு மாதம் இருந்தது. ஒரு நாள் காலை பஃபர் கேனைத் தூக்கி மேசை மாற்றி வைத்தேன். குலுங்கியது. கை துடைத்துவிட்டுத் திரும்பினால் மேலே நுரை நிற்கிறது. புரதக் கரைசல் நுரைக்கும், அது எல்லோருக்கும் தெரியும், அதனால்தான் அத்தனை நாளும் எந்தக் குப்பியில் நுரையைப் பார்த்தும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஆனால் இது வெறும் பஃபர். உப்பும் தண்ணீரும். இதில் நுரைக்க என்ன இருக்கிறது? இருபத்தொன்பது வருடமாக நுரை போகும் வரை அலசுவதுதான் என் பிழைப்பு.

ஒரு சோதனைக்குழாயில் காய்ச்சி வடித்த தண்ணீர் எடுத்துக் குலுக்கினேன், நுரை இல்லை. அதையே காஸ் துணியில் வடிகட்டிக் குலுக்கினேன், நுரை நின்றது. தம்பிக்குப் போன் போட்டேன். போன தடவை கொடுத்த கட்டு எதிலிருந்து எடுத்தது என்று கேட்டேன்.

"அது கடைசித் தண்ணி காணாத துணிக்கா. சோப்பு எண்ணெய்யில ஊறி வெளுத்து வந்தது, இன்னொரு அலசு இருக்கு. தொடைக்கத்தானன்னு குடுத்தேன். ஏன், என்ன ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை என்று போனை வைத்தேன். அவன் மேல் ஒரு குற்றமும் இல்லை. துடைக்க என்று கொடுத்ததில் வடிகட்டியது நான். கறுத்த பாட்டிலைக் கழுவுகிற அதே சோப்பு, எட்டு மாதமாகக் கனியின் குப்பிகளுக்குள் இருந்திருக்கிறது. ஒரு துளி டியூபை எடுத்து, புரதம் எதுவும் போடாமல், அந்தப் பஃபரில் மட்டும் முழுச் சுற்றும் ஓட்டினேன். கருவியிலிருந்து எடுத்தபோது குப்பி கறுப்பாக நின்றது. நான் எட்டு மாதம் போட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ப்ளாங்க் அதுதான்.

கனி வந்ததும் அந்தக் குப்பியைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். முதல் இரண்டு புரதங்களையும் துணி வருவதற்கு முன்பே முடித்திருந்தாள், அவற்றுக்குப் பழுதில்லை. மூன்றாவதுதான் போயிற்று. அந்த அத்தியாயமும், அதை நம்பி எழுதிய முடிவுரையும். அவள் குப்பியை மேசையில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"அக்கா, இது உங்களுக்கும் எனக்கும் மட்டுந்தான தெரியும்?"

"ஆமா."

"அப்ப இருக்கட்டும்க்கா. தீசிஸக் குடுத்துட்டுப் போயிருதேன். புது டியூப் வந்த பொறவு நானே திரும்பப் போட்டுப் பாத்து, தப்புன்னா தப்புன்னு எழுதிக்கிடுதேன். ரெண்டு மாசம் வாயத் தொறக்காம இருங்க, போதும்."

அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. ஒரு நாள் பொறு என்றேன். அந்த ஒரு நாளில் நான் வாயைத் திறக்காமல் இருந்துவிடத்தான் பார்த்தேன், அதை இங்கே மறைக்கப் போவதில்லை. நாலு மாதத்தில் சால்வையோடு வீட்டுக்குப் போகிறவள். ஒருத்தியின் வேலை என் நாக்கில் தொங்குகிறது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி இறக்கிவைக்கலாமா என்றுகூட யோசித்தேன். பஃபர் என்றால் என்ன என்று முதலில் அவருக்கு விளக்க வேண்டியிருக்கும் என்பதால் விட்டுவிட்டேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். உனக்கு பென்ஷன் நின்றுவிடுமா என்று கேட்டார். நிற்காது என்றேன். அப்படியானால் அந்தப் பிள்ளை சொல்கிறபடி செய்துவிடேன் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலை மேடத்தின் துண்டுச்சீட்டு என் மேசையில் இருந்தது. கருத்தரங்கில் கனியின் பேச்சைக் கேட்ட வேறொரு ஊர் ஆய்வகம் மூன்றாவது புரதத்தைத் தாங்களும் போட்டுப் பார்க்கப் போகிறதாம். எங்கள் பஃபரையே கேட்டிருக்கிறார்கள். ஐந்து லிட்டர் தயாரிக்கவும், எப்போதும் செய்வது போலவே, எதையும் மாற்ற வேண்டாம் என்று எழுதியிருந்தார்.

உப்புகளை எடை போட்டுக் கரைத்தேன். புனலை வைத்தேன். துணியை எட்டாக மடித்தேன். அங்கே கை நின்றுவிட்டது. வடிகட்டாமல் அனுப்பினால் அவர்களுக்குக் கறுக்காது, கனி மாட்டிக்கொள்வாள். வடிகட்டி அனுப்பினால் கறுக்கும். அதுவரை நான் செய்தது தெரியாத்தனம். இப்போது புனலில் ஊற்றினால் அது பொய். யாரோ முகம் தெரியாத பிள்ளைகள் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு வருடக்கணக்காக உட்கார்ந்திருப்பார்கள். துணியைக் கையில் பிடித்தபடியே மேடம் அறைக்குப் போனேன். போகிற வழியில் கனி எதிரே வந்தாள். துணியைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

மேடம் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஒரு சோதனைக்குழாயில் பழைய கேன் பஃபரைக் கேட்டு வாங்கி, தானே குலுக்கி, ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நுரை அடங்கும் என்று காத்திருந்தார். அடங்கவில்லை. பதிவேட்டைக் கேட்டார். எட்டு மாதப் பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பினார். ஒவ்வொன்றிலும் ப்ளாங்க் கட்டத்தில் என் கையெழுத்து, அதன் கீழே அவருடையது. பென்சிலை எடுத்தார், எங்கேயும் கேள்விக்குறி போடவில்லை, கீழே வைத்துவிட்டார்.

"நீங்க போட்டிருக்கீங்கன்னுதான் ஸ்டெல்லா நான் போட்டேன்."

அவ்வளவுதான் சொன்னார். அன்று அவர் என்னை நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் நான் நன்றாகத் தூங்கியிருப்பேன். பிறகு கனியைக் கூப்பிட்டார். அவளை அம்மாயி என்றுதான் அழைப்பார், தெலுங்கில் பெண்ணே என்கிற மாதிரி.

"அம்மாயி, டியூப் எவ்வளவு மிச்சம் இருக்கு?"

நாலு குப்பிக்குத்தான் காணும் என்றாள். நாலு போதும், மூன்று புரதத்துக்கும் ஒன்று ஒன்று, ப்ளாங்குக்கு ஒன்று என்றார் மேடம். இன்றைக்கே.

பாட்டில்களை நான் கழுவினேன். ஏழும் மூன்றும் முடிந்த பிறகு இன்னொரு மூன்று. புதுப் பொட்டலம் பிரித்துப் பஃபர் கலந்தோம், எதிலும் வடிகட்டவில்லை. குலுக்கி மூன்று பேரும் பார்த்தோம், ஒரு குமிழும் இல்லை. விசிறியை நிறுத்தி எடை போட்டேன். குப்பியை விரலால் தட்டித் தட்டிக் கடைசிப் பொட்டு வரை எடுத்தேன். கனி ஒவ்வொரு குப்பியையும் ஐஸில் புதைத்து அதிர்வுக் கம்பியைப் பிடித்தாள். அந்த இரைச்சலில் பேச வேண்டிய அவசியம் இல்லாமல் போனது எங்கள் இருவருக்கும் நல்லதாயிற்று. மையவிலக்குக் கருவி நிற்கும் வரை மேடம் நின்றுகொண்டே இருந்தார்.

ஆல்புமின் கறுப்பு. லைசோசைம் நல்ல கறுப்பு. ப்ளாங்க் தெளிந்து, அடியில் கரி. மூன்றாவது புரதம், வெளிறிய சாம்பல் நிறத்தில் தண்ணீர், அடியில் கட்டியாகக் கரி. வளையம்தான் பிடிக்கிறது. உலகத்துக்கு முன்பே தெரிந்த விடை. கனி நாலு எண்களையும் தன் கையாலேயே பதிவேட்டில் எழுதினாள், எழுத்து கோணவில்லை. ப்ளாங்க் கட்டத்தை என் பக்கம் திருப்பினாள். கையெழுத்துப் போட்டேன். அவள் பையை எடுத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

கோயம்புத்தூர் வேலை இன்னொருவருக்குப் போயிற்று. புது டியூப் வரவே ஐந்து மாதம் ஆனது. கனி அந்த அத்தியாயத்தைக் கிழித்துவிட்டு, துளிச் சோப்பு கலந்தால் புரதத்தின் கணக்கு எப்படித் தப்பாகும் என்று ஒரு அத்தியாயமும், மூன்றாவது புரதத்தின் சரியான கணக்கை ஒரு அத்தியாயமுமாக எழுதினாள். மேடம் அந்த வேறொரு ஊர் ஆய்வகத்துக்கும் கருத்தரங்குக்காரர்களுக்கும் நடந்ததை அப்படியே எழுதி அனுப்பினார். நான் இருந்த மிச்ச நாலு மாதமும் கனி என்னிடம் வேலைப் பேச்சு மட்டும் பேசினாள். குழம்பு பரிமாற்றம் நின்றது. அக்கா என்கிற சொல்லும் நின்றது. 'பாட்டில் காஞ்சிருச்சா' என்று வெறுமனே கேட்பாள். என் பிரிவுபசாரத்தில் பின் வரிசையில் நின்று எல்லோரையும் போலக் கைதட்டினாள்.

அவளுடைய வாய்மொழித் தேர்வுக்கு மேடம் எனக்குப் போன் செய்து வரச் சொன்னார். நான் வேலையை விட்டு அதற்குள் ஒரு வருடம் ஆகப்போகிறது. பழக்கதோஷம், போனதும் காபித் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டேன். நான் தட்டோடு உள்ளே நுழைந்தபோது வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், கருத்தரங்கில் சொன்னது ஒன்று, இங்கே எழுதியிருப்பது ஒன்று, ப்ளாங்க் போடாமல் விட்டது யார் பொறுப்பு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அதுவரை ஆங்கிலத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் தமிழுக்கு மாறினாள்.

"போட்டுப் பாக்க வேண்டியது நான் சார். டியூப மிச்சம் புடிக்கணும்னு விட்டது நாந்தான். கையெழுத்துப் போட்டது எங்க அக்கா. கண்டுபுடிச்சதும் அவுகதான். நான் யார்ட்டயும் சொல்ல வேண்டாம்னு அவுக கிட்ட கேட்டேன் சார். அதையும் எழுதிருக்கலாம், எழுதல."

மேடம் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளையே பார்த்தார். தேர்வாளர் அடுத்த கேள்விக்குப் போனார். நான் தட்டை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. பட்டம் கிடைத்துவிட்டது என்று அறிவித்ததும் எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

கனி என்னைத் தேடிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தாள். மதுரையில் ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்திருப்பதாகவும், கோயம்புத்தூர் அளவுக்கு இல்லை, பரவாயில்லை என்றும் சொன்னாள். ஒரு வருடமாகக் கேட்க முடியாமல் இருந்ததை அப்போது கேட்டுவிட்டேன்.

"ஏட்டி, இன்னும் என் மேல கோவமா?"

வராந்தாத் தூணில் சாய்ந்துகொண்டாள்.

"இருக்குக்கா. நீங்க செஞ்சது சரிதான்னு தெரியும். ஆனாலும் இருக்கு."

இருக்கட்டும் என்றேன். இல்லை என்று அவள் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.